செல் தட்டில் தேறி எலியில் தோற்ற மூன்றாவது பேட்ச்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய புரத ஆய்வகத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குழுவில் ஐந்து பேர்: குழுத் தலைவர், செல் வளர்ப்பைக் கவனித்தவர், விலங்குச் சோதனைக்குப் பொறுப்பானவர், முனைவர் பட்ட மாணவி ஒருவர், புரதத்தைச் சுத்திகரிக்கும் வேலையில் இருந்த நான். நடந்த தவறுகளில் என் பங்கு கணிசமானது. அதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவால் யாருக்கும் பயன் இருக்காது.

நாங்கள் தயாரித்தது எரித்ரோபொய்ட்டின். சிறுநீரகத்தில் உருவாகி, எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் ஹார்மோன் அது. மருந்தாக விற்பது நோக்கமல்ல. எலிகளில் சிவப்பணு உற்பத்தி நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்ற நீண்ட ஆய்வு ஒன்றுக்கு, ஒரே தரத்தில் நிறையப் புரதம் தேவைப்பட்டது. சைனீஸ் ஹாம்ஸ்டர் கருப்பைச் செல்களை வளர்த்து, அவை ஊடகத்தில் சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தோம்.

இந்தப் புரதத்தில் 165 அமினோ அமிலங்கள் உண்டு. மொத்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் சர்க்கரைதான். மூன்று இடங்களில் நைட்ரஜன் வழியாகவும் ஓர் இடத்தில் ஆக்ஸிஜன் வழியாகவும் சர்க்கரைச் சங்கிலிகள் கோத்திருக்கும். நைட்ரஜன் வழிச் சங்கிலிகள் மரக்கிளைபோல் பிரிந்து போகும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை, அதற்கு அடுத்து உள்ளே கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை. எல்லாக் கிளைகளும் நிறைந்திருந்தால் ஒரு மூலக்கூறில் 14 சியாலிக் அமிலங்கள்வரை இருக்கலாம். இந்த வரிசையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: வெளியே சியாலிக் அமிலம், அது உதிர்ந்தால் தெரிவது கேலக்டோஸ்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இரண்டு சோதனைகள் செய்தோம். ஒன்று செல் தட்டுச் சோதனை: எரித்ரோபொய்ட்டின் இல்லாமல் வளராத ஒரு செல் வகையில் புரதத்தை விட்டு, எவ்வளவு பெருகுகிறது என்று பார்ப்பது. இன்னொன்று, எலிக்கு ஊசி போட்டு, சில நாளில் ரத்தத்தில் புதிதாக வரும் இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளை எண்ணுவது. முதல் இரண்டு பேட்ச்களும் இரண்டிலும் தேறின.

மூன்றாவது பேட்ச்சில் புரதம் கூடுதலாகத் தேவைப்பட்டது. புதிதாக இன்னொரு வளர்ப்பைத் தொடங்குவதைவிட, ஓடிக்கொண்டிருந்ததையே மூன்று நாள் நீட்டினால் அளவு கூடும் என்று முடிவெடுத்தோம். கூட்டத்தில் ஐந்து நிமிடம்கூடப் பேசாமல் எடுத்த முடிவு அது.

முதலில் கண்டவை

அளவு கூடத்தான் செய்தது. செல் தட்டுச் சோதனை அதைவிட மகிழ்ச்சி தந்தது. ஒரு மில்லிகிராமுக்கான வீரியம் முந்தைய இரண்டு பேட்ச்களையும் தெளிவாகத் தாண்டியிருந்தது. சுத்திகரிப்பு முறை மேம்பட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். சந்தேகம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது.

புரதங்களை அளவு வாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை மாணவி ஓட்டிப் பார்த்தார். சர்க்கரை அதிகமுள்ள புரதங்களின் பட்டை வழக்கமாகவே அகலமாக, ஓரம் கலங்கலாகத் தெரியும். மூன்றாவது பேட்ச்சின் பட்டை சற்றே கீழே இறங்கியிருந்தது, முன்னைவிட மெல்லிசாகவும் இருந்தது. ‘பட்டை கொஞ்சம் கீழே, கொஞ்சம் ஒல்லி. கேட்க வேண்டும்’ என்று குறிப்பேட்டில் எழுதி என்னிடமும் காட்டினார். "ஜெல் கொஞ்சம் அதிக நேரம் ஓடியிருக்கும்மா, விடு" என்றேன். பக்கத்துத் தடத்தில் இருந்த அளவுக் குறி பட்டைகள் அப்படி எதுவும் நகரவில்லை. அதை நான் பார்க்கவே இல்லை.

அப்புறம் எலிச் சோதனை. ஊசி போட்டு, குறித்த நாளில் ரத்தம் எடுத்து எண்ணினோம். ரெட்டிகுலோசைட் ஏறவே இல்லை. வெறும் கரைசல் போட்ட எலிகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

முதல் முடிவு, அதில் இருந்த பிழை

ஊசி சரியாக இறங்கவில்லையோ என்பதுதான் முதல் சந்தேகம். இந்தப் புரதம் நீர்த்த நிலையில் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதும் தெரிந்த விஷயம். எனவே ஆல்புமின் என்ற புரதத்தைக் கலந்து ஒட்டுதலைத் தடுத்து, அளவையும் கூட்டி, புது எலிகளில் சோதனையைத் திரும்பச் செய்தோம். பலன் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த இரண்டாவது சோதனையைச் செய்திருக்கக் கூடாது. விலங்குகளைத் தொடுவதற்கு முன் குழாயிலேயே செய்து முடிக்கக்கூடிய பரிசோதனைகள் பல இருந்தன. செல் தட்டில் புரதம் நன்றாக வேலை செய்ததால் ‘புரதத்தில் கோளாறு இல்லை, முறையில்தான் கோளாறு’ என்ற எண்ணம் ஐந்து பேர் மனதிலும் உறைந்துவிட்டிருந்தது. செல் தட்டில் கல்லீரல் கிடையாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு, புரதம் துண்டாகியிருக்கிறதா, ஒன்றோடொன்று திரண்டிருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டும் இல்லை. அந்த நேரத்தில் விலங்குச் சோதனையைக் கவனித்தவர் ஒரு யோசனை சொன்னார்: "மூன்று நாள் கழித்துப் பலனைத் தேடுகிறோம். ஊசி போட்டுப் பத்தாவது நிமிடத்தில் ரத்தத்தில் புரதம் இருக்கிறதா என்று யாராவது பார்த்தோமா?" இரண்டாவது சோதனையின் தொடக்க நிமிடங்களில் அவர் எடுத்து உறையவைத்த பிளாஸ்மா மாதிரிகள் மிச்சம் இருந்தன. அவற்றில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொண்டு புரதத்தை அளந்தோம். பத்தாவது நிமிடத்திலேயே பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. முதல் பேட்ச்சின் பழைய மாதிரிகளை எடுத்து அளந்தால், அதில் மணிக்கணக்கில் இருந்திருக்கிறது.

இந்த ஓர் அளவீடு கேள்வியையே திருப்பிப் போட்டது. புரதம் ஏன் வேலை செய்யவில்லை என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தோம். அது எங்கே போகிறது என்பதுதான் உண்மையான கேள்வி.

நுனியில் என்ன இருக்கிறது

புரதத்துக்குக் கதிரியக்கக் குறி போட்டு உறுப்புகளில் தேடுவதென்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் கூடுதல் அனுமதி வேண்டும். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த வாரங்களில், குழாயிலேயே முடியும் வேலைகளை எடுத்துக்கொண்டோம். இதையாவது சரியான வரிசையில் செய்தோம்.

முதலில் சமமின்புள்ளிப் பிரிப்பு. சியாலிக் அமிலம் ஒவ்வொன்றும் ஓர் எதிர் மின்னூட்டம் சுமக்கிறது. அமில முனையிலிருந்து கார முனைவரை தன்மை படிப்படியாக மாறும் ஜெல்லில் புரதத்தை ஓட்டினால், அதிக சியாலிக் அமிலம் உள்ள மூலக்கூறுகள் அமிலப் பக்கம் போய் நிற்கும். ஒன்று குறைந்தால் ஒரு படி தள்ளி நிற்கும். முதல் பேட்ச் ஏணிப்படிபோல் நெருங்கிய சில பட்டைகளாக அமில ஓரத்தில் நின்றது. மூன்றாவது பேட்ச்சின் ஏணி நீண்டு, கார முனைப் பக்கம் சரிந்து கிடந்தது. மாணவி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு படியாக எண்ணினார். அமிலப் பக்கத்துப் படிகள் மங்கியிருந்தன. முன்பு இல்லாத காரப் பக்கத்துப் படிகள் கறுப்பாக இருந்தன. முதல் ஜெல்லில் அவர் கண்ட அந்த ‘கொஞ்சம் ஒல்லி’ப் பட்டையின் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சர்க்கரையின் நுனி உதிர்ந்து, எடையும் அகலமும் குறைந்திருக்கிறது.

அடுத்தது ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் அக்லூட்டினின் என்ற லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம். இது திறந்திருக்கும் கேலக்டோஸைத் தேடிப் பிடிக்கும். சியாலிக் அமிலம் நுனியை மூடியிருந்தால் பெரும்பாலும் பிடிக்காது. முதல் பேட்ச்சில் மங்கலான ஒரு கீற்று. மூன்றாவதில் அடர்ந்த கறை.

அந்த இரவு குழுத் தலைவர் பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்தார். எரித்ரோபொய்ட்டினிலிருந்து சியாலிக் அமிலத்தை நீக்கினால் குழாயில் வீரியம் குறைவதில்லை, உடலுக்குள் மட்டும் செயலற்றுப் போகிறது என்பதை யூஜின் கோல்ட்வாஸரின் குழு 1974-லேயே காட்டியிருக்கிறது. எங்கள் முரண்பாடு அப்படியே அதில் இருந்தது. இந்தப் புரதத்தோடு வேலை செய்யும் நாங்கள் தொடங்கும்போதே படித்திருக்க வேண்டிய ஒன்று.

கல்லீரல் செல் எதைப் படிக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் அடுத்தடுத்த முடிவுகளெல்லாம் இதிலிருந்து வந்தவை.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கில்பர்ட் ஆஷ்வெல்லும், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் அனடோல் மோரெலும் செருலோபிளாஸ்மின் என்ற செம்புப் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்குக் கதிரியக்கக் குறி போடுவதுதான் அவர்கள் தேவை. சியாலிக் அமிலத்தை நொதி கொண்டு உதிர்த்து, அதனடியில் தெரிந்த கேலக்டோஸில் கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிட்டியத்தை ஏற்றினார்கள். முயலுக்கு ஊசி போட்டதும், நாள்கணக்கில் ரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் நிமிடங்களில் மறைந்தது. தேடினால் கல்லீரலில் இருந்தது. மூலக்கூறில் ஏறத்தாழ பத்து சியாலிக் அமிலங்கள் இருந்தும் இரண்டை மட்டும் உதிர்த்தாலே போதும், கல்லீரல் பிடித்துவிடும். திறந்த கேலக்டோஸை நொதியால் மாற்றியமைத்தாலோ நீக்கினாலோ புரதம் மீண்டும் ரத்தத்தில் தங்கியது. ஆக, கல்லீரல் தேடுவது சியாலிக் அமிலம் இல்லாததை அல்ல, கேலக்டோஸ் வெளியே தெரிவதை. இந்த வேறுபாடு எங்களுக்குப் பின்னால் மிகவும் உதவியது.

செல்லின் மேற்பரப்பில் இருந்து கேலக்டோஸைப் பிடிக்கும் புரதமான ஏற்பியை இப்போது அசியாலோகிளைக்கோபுரத ஏற்பி என்கிறார்கள். கண்டுபிடித்தவர்கள் பெயரால் ஆஷ்வெல்–மோரெல் ஏற்பி என்றும் சொல்வதுண்டு. இரண்டு வகை உபகூறுகள் சேர்ந்து உருவாகும் இது, கல்லீரல் செல்லின் ரத்தத்தை நோக்கிய பக்கத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறது. அங்கே ரத்த நுண்குழாயின் சுவரில் 100 நானோமீட்டர் அளவிலான துளைகள் உண்டு. புரதங்கள் அவற்றின் வழியே தாராளமாக வெளியேறிக் கல்லீரல் செல்லைத் தொட்டுவிடும். மனிதரில் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரல் வழியே பாய்கிறது. ‘நிமிடங்களில் மறைகிறது’ என்பதில் வியப்பில்லை.

அடையாளம் காணும் விதத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இருக்கிறது. ஒற்றைக் கேலக்டோஸை இந்த ஏற்பி மிகத் தளர்வாகவே பிடிக்கும், மில்லிமோலார் செறிவில். ஒரே சங்கிலியில் இரண்டு கேலக்டோஸ் நுனிகள் சரியான இடைவெளியில் இருந்தால் பிடி ஆயிரம் மடங்கு இறுகும். மூன்று இருந்தால் நானோமோலார் அளவுக்கு, அதாவது மிகமிகக் குறைந்த செறிவிலேயே பிடிக்கும் அளவுக்கு, இறுகிவிடும். நான்காவது நுனி அதன்மேல் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. ஒற்றை நுனி தற்செயலாகத் திறந்திருந்தால் விட்டுவிடுகிறது, கொத்தாகத் திறந்திருந்தால்தான் எடுக்கிறது. எரித்ரோபொய்ட்டினின் சங்கிலிகளில் பல நான்கு கிளை கொண்டவை. அவற்றில் சில நுனிகள் உதிர்ந்தாலே இந்தக் கொத்து தயார்.

பிடிப்பதற்குக் கால்சியம் தேவை. பிடித்ததும் அந்த இடத்துச் சவ்வு குழிந்து, பையாகி உள்ளே போகிறது. உள்ளே அமிலத்தன்மை ஏற, ஏற்பி கால்சியத்தையும் சரக்கையும் விட்டுவிட்டு மீண்டும் மேற்பரப்புக்கு வருகிறது. புரதம் செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய்ச் சிதைகிறது.

இந்த ஏற்பி ‘வயதான’ புரதங்களை அகற்றவே இருக்கிறது என்று எளிமையாகச் சொல்வார்கள். ஆனால் ஏற்பியை நீக்கிய எலிகளின் ரத்தத்தில் அத்தகைய புரதங்கள் எதிர்பார்த்ததுபோல் குவியவில்லை. நிமோகாக்கஸ் தொற்றில் பாக்டீரியாவின் நொதி ரத்தத் தட்டணுக்களின் சியாலிக் அமிலத்தை உதிர்க்க, கல்லீரல் அவற்றை அகற்றி ரத்த உறைவின் சீர்கேட்டைத் தணிக்கிறது என்று 2008-இல் காட்டப்பட்டது. ஆக, இதன் வேலை குப்பை பொறுக்குவதோடு முடிந்துவிடவில்லை.

சந்தேகத்தைச் சோதித்த விதம்

நுனி உதிர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அதுதான் காரணம் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். சியாலிக் அமிலம் குறைந்திருப்பதும் புரதம் மறைவதும் ஒரே பேட்ச்சில் சேர்ந்து நடந்திருக்கலாம், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல்.

எலிக்குப் போகுமுன் ஹெப்-ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுச் செல் வகையை எடுத்தோம். அதில் இந்த ஏற்பி உண்டு. தட்டைப் பனிக்கட்டியில் வைத்து, குறி போட்ட மூன்றாவது பேட்ச்சை விட்டோம். குளிரில் செல் எதையும் உள்ளே இழுக்காது, மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.ஜி.டி.ஏ கரைசலால் கழுவினோம். ஒட்டியிருந்ததில் பெரும்பகுதி கழன்று வந்துவிட்டது. இன்னொரு தட்டைக் குளிரில் ஒட்டவைத்து, 37 டிகிரிக்குக் கொண்டுபோய், பிறகு அதே கரைசலால் கழுவினோம். இம்முறை கழன்று வரவில்லை, எண்ணிக்கை செல்லோடேயே தங்கியது. உள்ளே போய்விட்டது என்று பொருள். சியாலிக் அமிலம் நீக்கிய ஃபெடுயின் என்ற புரதத்தை நிறையச் சேர்த்தால், அது ஏற்பியை ஆக்கிரமித்துக்கொள்ள, எங்கள் புரதம் ஒட்டவே இல்லை. முதல் பேட்ச்சில் இவற்றில் எதுவும் குறிப்பிடும்படி நடக்கவில்லை.

கழுவிய நீரின் குழாயை எண்ணும் கருவியில் வைத்துவிட்டு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. கால்சியத்தை எடுத்தால் கை விட்டுவிடுகிறது. ஏட்டில் படித்தது கண்முன் நடந்தது.

அனுமதி வந்ததும் குறைந்த எண்ணிக்கையில் எலிகளைக் கொண்டு மூன்று பிரிவாகச் செய்தோம். முதல் பிரிவுக்கு மூன்றாவது பேட்ச் மட்டும். இரண்டாவதற்கு, முன்னதாகவே சியாலிக் அமிலம் நீக்கிய ஃபெடுயின். மூன்றாவதற்கு, முன்னதாக ஈஸ்ட் மன்னான், அதாவது மேனோஸ் சர்க்கரைகள் கோத்த சங்கிலி. மன்னான் எதற்கு? கல்லீரலில் மேனோஸைத் தேடும் வேறொரு ஏற்பி உண்டு. அது இருப்பது கல்லீரல் செல்லில் அல்ல, ரத்த நுண்குழாய்ச் சுவர்ச் செல்களிலும், கல்லீரலில் தங்கி அந்நியப் பொருள்களை விழுங்கும் குஃப்பர் செல்களிலும். சங்கிலி முதிராமல் மேனோஸோடு நின்றுபோன புரதங்கள் அந்த வழியில் போகும். ‘கல்லீரலுக்குப் போகிறது’ என்பதோடு நிறுத்தினால் எந்தச் செல், எந்த ஏற்பி என்பது தெரியாமலே போகும்.

முதல் பிரிவில் குறியின் பெரும்பகுதி சில நிமிடங்களில் கல்லீரலுக்கு வந்துவிட்டது. நேரம் போகப்போக அங்கிருந்த குறி, அமிலத்தில் வீழ்படியாத சிறு துண்டுகளாக மாறியது. புரதம் செரிக்கப்படுகிறது. இரண்டாவது பிரிவில் புரதம் ரத்தத்திலேயே தங்கியது. மூன்றாவதில் மன்னான் எந்தத் தடையும் செய்யவில்லை, முதல் பிரிவைப் போலவே மறைந்தது.

கடைசியாக இருபுறமும் திருப்பிப் பார்த்தோம். நல்ல முதல் பேட்ச்சைச் சியாலிக் அமிலத்தை உதிர்க்கும் நொதியான பாக்டீரியா சியாலிடேஸால் நுனி உதிர்த்தோம். செல் தட்டில் அதன் வீரியம் ஏறியது, எலியில் நிமிடங்களில் மறைந்தது. மூன்றாவது பேட்ச்சில் ஒரு பகுதிக்கு, சியாலில்டிரான்ஸ்ஃபரேஸ் நொதியால் சியாலிக் அமிலத்தை மறுபடி ஏற்றினோம். செல் தட்டில் வீரியம் இறங்கியது, எலியில் ரெட்டிகுலோசைட் ஏறியது. ஒன்றை நீக்கினால் கெடுகிறது, அதையே திருப்பிக் கொடுத்தால் சரியாகிறது. இதற்குப் பிறகு யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

எங்கே உதிர்ந்தது

சுத்திகரிப்பில் உதிர்ந்திருக்கும் என்றுதான் நான் பயந்தேன். அமிலக் கரைசலில் ஒரு படி உண்டு, வலுவான அமிலமும் சூடும் சியாலிக் அமிலத்தை உதிர்க்கும். ஆனால் அந்தப் படி முந்தைய பேட்ச்களிலும் அப்படியேதான் இருந்தது.

விடை மாணவியின் உறைபெட்டியில் இருந்தது. யாரும் கேட்காமலே அவர் வளர்ப்பிலிருந்து தினமும் ஒரு சிறு குழாய் எடுத்து, தேதி எழுதி, உறையவைத்திருந்தார். அவற்றை வரிசையாகச் சமமின்புள்ளிப் பிரிப்பில் ஓட்டினோம். வழக்கமாக அறுவடை செய்யும் நாள்வரை ஏணி அமில ஓரத்தில் அசையாமல் நின்றது. நீட்டிய மூன்று நாளில் நாளுக்கு நாள் சரிந்தது. அதே குழாய்களில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸை அளந்தோம். செல்லுக்குள் மட்டும் இருக்கவேண்டிய நொதி அது. வெளியே தெரிந்தால் செல்கள் வெடித்திருக்கின்றன. அதுவும் அதே மூன்று நாளில் ஏறியிருந்தது. சியாலிக் அமிலத்தோடு ஒளிரும் சாயத்தைக் கட்டிய மூலக்கூறை விட்டுப் பார்த்தால், சியாலிடேஸ் வேலையும் அதே நாள்களில்.

சைனீஸ் ஹாம்ஸ்டர் கருப்பைச் செல்லின் உட்திரவத்தில் சியாலிடேஸ் இருப்பதும், செல் சாகும்போது அது வெளியே வந்து, ஏற்கெனவே சுரந்த புரதத்தின் நுனியைக் கடிப்பதும் இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட சங்கதிதான். செல்கள் புரதத்தைச் சரியாகவே செய்துகொடுத்தன. நாங்கள்தான் அதைச் செத்த செல்களின் சாற்றில் மூன்று நாள் ஊறவைத்தோம்.

எடுத்த முடிவுகள்

மூன்றாவது பேட்ச்சை ஆய்வுக்குப் பயன்படுத்துவதில்லை என்று முடிவானது. மொத்தத்துக்கும் சியாலிக் அமிலத்தை மறுபடி ஏற்றிக் காப்பாற்றலாமே என்று ஒரு யோசனை வந்தது. சிறு அளவில் அது பலித்தும் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றோம். எங்களுக்கு வேண்டியது ஒரே தரம். எத்தனை நுனி ஏறியது, எத்தனை ஏறவில்லை என்பது குழாய்க்குக் குழாய் மாறுமென்றால், அந்தப் புரதத்தை வைத்து எடுக்கும் அளவீடுகளை நம்ப முடியாது.

வளர்ப்பு ஊடகத்தில் சியாலிடேஸ் தடுப்பானைச் சேர்ப்பது இன்னொரு வழி. அதையும் எடுக்கவில்லை. சேர்த்த தடுப்பான் முழுதும் நீங்கிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்கும் சுமை கூடும். செல்கள் சாகுமுன் அறுவடை செய்தால் தடுப்பானுக்கே தேவையில்லை. எனவே அறுவடை நாளைப் புரத அளவை வைத்து முடிவு செய்வதை நிறுத்தினோம். உயிருள்ள செல்களின் விகிதம் இறங்கத் தொடங்கியதும் அறுவடை, எடுத்த உடனே குளிரில் வைத்து செல்களைப் பிரிப்பது என்று மாற்றினோம். குறையும் புரதத்துக்கு இன்னொரு வளர்ப்பு ஓட்டிக்கொள்ளலாம்.

விலங்குச் சோதனைக்கு முன் சமமின்புள்ளிப் பிரிப்பும் ஆமணக்கு லெக்டின் சோதனையும் கட்டாயம் ஆயின. ஏணி சரிந்திருந்தால் எலிக்குப் போவதில்லை.

பின்னர் நடந்தது

நான்காவது பேட்ச்சில் புரதம் மூன்றாவதைவிடக் குறைவு. செல் தட்டு வீரியமும் குறைவு. அந்த முடிவைப் பார்த்ததும் என் முகம் வாடியதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன், பழக்கம் அப்படி. ஏணி அமில ஓரத்தில் ஒழுங்காக நின்றது, ரத்தத்தில் மணிக்கணக்கில் தங்கியது, ரெட்டிகுலோசைட் ஏறியது. நீண்ட ஆய்வு அதை வைத்துத்தான் நடந்தது.

செல் தட்டில் வீரியம் ஏன் எதிர்ப்பக்கமாகப் போகிறது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். சியாலிக் அமிலங்களின் எதிர் மின்னூட்டம், எரித்ரோபொய்ட்டின் தன் சொந்த ஏற்பியோடு சேர்வதைக் கொஞ்சம் தளர்த்துகிறது. உதிர்த்தால் ஏற்பியோடு நன்றாகச் சேரும், ஆனால் அந்த ஏற்பி இருக்கும் மஜ்ஜைக்குப் போய்ச் சேராது. டார்பெபொய்ட்டின் என்ற மருந்து இதை நேர் எதிராகப் பயன்படுத்துகிறது. நைட்ரஜன் வழிச் சங்கிலிகளை மூன்றிலிருந்து ஐந்தாக்கி, சியாலிக் அமிலத்தை 22 வரை ஏற்றியிருக்கிறார்கள். ஏற்பியோடு பிடிப்பு குறைந்தது, ரத்தத்தில் தங்கும் நேரம் ஏறத்தாழ மூன்று மடங்கானது, உடலுக்குள் வீரியம் கூடியது.

இனி மாற்றுவது

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், தோற்ற முதல் எலிச் சோதனைக்குப் பிறகு எந்த விலங்கையும் தொடாமல் அந்த ஜெல்லைத்தான் முதலில் கையில் எடுப்பேன். பலன் தெரியாதபோது பலனைத் தேடிக்கொண்டிருக்காமல், புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை முதல் நிமிடங்களிலேயே அளப்பேன். வழக்கத்துக்கு மாறாக நல்ல முடிவு வந்தால், மோசமான முடிவை எப்படிக் குடைவோமோ அப்படிக் குடைந்து பார்ப்பேன்.

இதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடவும் கூடாது. ரத்தத்திலிருந்து சீக்கிரம் மறையும் புரதமெல்லாம் இந்த ஏற்பியால் மறைவதில்லை. சிறிய புரதங்கள் சிறுநீரகம் வழியே வடிந்துவிடும். மேனோஸ் நுனி கொண்டவை வேறு செல்களுக்குப் போகும். திரண்ட புரதத்தைக் குஃப்பர் செல்கள் விழுங்கும். போட்டிப் புரதத்தை முன்னதாகக் கொடுத்துப் பார்க்காமல் ஏற்பியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதில் எங்கள் குழு இப்போது கண்டிப்பாக இருக்கிறது.

தினமும் ஒரு குழாய் உறையவைப்பது இப்போது எங்கள் செயல்முறை ஏட்டில் எழுதப்பட்ட விதி. அந்த விதியை எழுதியது அந்த மாணவி. ஜெல்லில் எது மாறித் தெரிந்தாலும், அதை விளக்கும் பொறுப்பு கேட்டவருடையது அல்ல, சுத்திகரித்தவருடையது என்றும் ஒரு வரி சேர்த்தார். அதன் கீழே கையெழுத்திட்டவன் நான்.

மூன்றாவது பேட்ச்சில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிடவில்லை. சிறு குப்பிகளாகப் பிரித்து உறையவைத்திருக்கிறோம். புதுப் பேட்ச் ஒவ்வொன்றையும் ஹெப்-ஜி2 செல்களில் சோதிக்கும்போது, கல்லீரல் செல் கண்டிப்பாகப் பிடிக்கவேண்டிய மாதிரியாக முதல் தடத்தில் அதைத்தான் வைக்கிறோம்.